டையோடு லேசரோடு வந்த பச்சைக் கண்ணாடியை நம்பி வேலை செய்யலாமா?

மரச்சில்லு:

வணக்கம் நண்பர்களே. 10 வாட் நீல டையோடு லேசர் மெஷின் ஒன்று வாங்கியிருக்கிறேன். திறந்த சட்டம்தான், மூடி கிடையாது. லேசர் தலையில் 455 நானோமீட்டர் என்று போட்டிருக்கிறது. கூடவே இலவசமாக ஒரு பச்சைக் கண்ணாடி வந்தது. லென்ஸில் எழுத்து இல்லை, காதுக் கம்பியிலும் இல்லை, உறையில் "லேசர் பாதுகாப்பு" என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. விற்றவரைக் கேட்டால் எல்லோரும் இதைத்தான் போடுகிறார்கள் என்கிறார். வீடியோக்களில் நிறையப் பேர் வெறுங்கண்ணோடு குனிந்து பார்க்கிறார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆனதாகவும் தெரியவில்லை. மெஷின் இருப்பது வீட்டில் எல்லோரும் நடமாடுகிற அறை. அப்புறம், ஸ்டீலில் எழுத 2 வாட் இன்ஃப்ராரெட் தலை ஒன்றும் பிறகு மாட்டலாம் என்று எண்ணம், அது 1064 நானோமீட்டர். இந்தக் கண்ணாடி போதுமா? வேறு வாங்கினால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

ஓடி_ஆறு:

எண் இல்லாத கண்ணாடியை எடுத்து ஓரமாக வையுங்கள், அதைப் போட்டுக்கொண்டு மெஷினை ஓட்ட வேண்டாம். அது தடுக்கவே தடுக்காது என்று நான் சொல்லவில்லை, தடுக்கவும் செய்யலாம். ஆனால் எவ்வளவு தடுக்கும் என்று யாரும் எழுதித் தராத ஒரு பொருளைக் கண்ணுக்கும் 10 வாட்டுக்கும் நடுவில் வைக்க முடியாது. பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறத்தை வைத்தும் முடிவு செய்ய முடியாது. பார்க்க ஒரே மாதிரி ஆரஞ்சாக இருக்கும் இரண்டு லென்ஸில் ஒன்று 455-ஐ லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கும், இன்னொன்று வெறும் சாயம் போட்ட பிளாஸ்டிக்காக இருக்கும்.

பார்க்க வேண்டியது இரண்டு எண்கள். ஒன்று அலைநீளம்: உங்கள் லேசரின் 455 அந்தக் கண்ணாடியில் எழுதியிருக்கும் வரம்புக்குள் விழ வேண்டும். இரண்டாவது ஓடி (OD, ஒளியை எவ்வளவு குறைக்கிறது என்ற அளவு) என்று அச்சிட்டிருக்கும் எண். ஓடி 1 என்றால் பத்தில் ஒரு பங்கு உள்ளே வரும், 2 என்றால் நூற்றில் ஒன்று, இப்படியே ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து மடங்கு குறையும். உங்கள் 10 வாட்டுக்குக் கணக்குப் போட்டால் ஓடி 4-ல் 1 மில்லிவாட் உள்ளே வருகிறது. கண் இமைத்துத் தப்பிக்கலாம் என்று கருதப்படும் 2-ம் வகுப்பு லேசரின் உச்சவரம்பே அந்த 1 மில்லிவாட்தான். ஓடி 5 என்றால் 0.1 மில்லிவாட். 10 வாட்டுக்கு 5-க்குக் கீழே எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன், 6 கிடைத்தால் இன்னும் நல்லது.

வகுப்பையும் தெரிந்துகொள்ளுங்கள். 500 மில்லிவாட்டைத் தாண்டினாலே 4-ம் வகுப்பு, அதற்கு மேல் வகுப்பே கிடையாது. உங்களுடையது அந்த எல்லையைப் போல 20 மடங்கு. இந்த வகுப்பில் நேர்க் கதிர் மட்டுமல்ல, பலகையில் பட்டுச் சிதறி வரும் ஒளியும் கண்ணுக்கு ஆபத்து என்றுதான் தரநிலைகள் சொல்கின்றன.

நீலப்புள்ளி:

கொஞ்சம் அதிகமாகப் பயமுறுத்துவதாகத் தோன்றுகிறது. கதிர் கீழ்நோக்கித்தான் போகிறது, தலையைச் சுற்றி ஆரஞ்சு மறைப்பும் இருக்கிறது. நாம் பார்ப்பது மரத்தில் விழும் புள்ளியைத்தானே, கதிரையே இல்லையே. ரொம்ப நாளாக ஓட்டுகிறேன், அவ்வப்போது ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்வேன். கண் நன்றாகத்தான் இருக்கிறது.

ஓடி_ஆறு:

அந்தப் புள்ளியைத்தான் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், வாருங்கள். 10 வாட் ஒரு வெள்ளைப் பரப்பில் விழுந்து எல்லாத் திசையிலும் சிதறுகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலேயிருந்து பார்க்கிறவர் கண்ணில் விழும் செறிவு, மொத்தத் திறனை π-ஆல் (3.14) வகுத்து, தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும். அரை மீட்டர் தூரத்தில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 12.7 வாட். கண் இமைக்கும் 0.25 நொடிக்கு அனுமதிக்கப்பட்ட அளவு சுமார் 25 வாட். ஆக அரை மீட்டரில் ஒரு கணப் பார்வை எல்லைக்குள் வந்துவிடுகிறது, நீங்கள் சொல்வது அந்த அளவுக்குச் சரி. ஆனால் 35 சென்டிமீட்டருக்குள் குனிந்தால் ஒரு கணமே எல்லை தாண்டிவிடும். வேலை எப்படி வருகிறது என்று பார்க்கக் குனிகிறவர் எல்லோருமே அந்தத் தூரத்துக்குத்தான் போகிறார்கள்.

அதைவிட முக்கியமானது நேரம். 450-ஐ ஒட்டிய நீல ஒளி சூட்டால் மட்டும் கெடுப்பதில்லை, விழித்திரையில் ஒளிவேதி மாற்றத்தாலும் கெடுக்கும், அது பார்க்கப் பார்க்கச் சேர்ந்துகொண்டே போகும். நிமிடக்கணக்கில் பார்ப்பதற்கான எல்லை சதுர மீட்டருக்கு 1 வாட்தான். 10 வாட் புள்ளியை அந்த எல்லைக்குள் பார்க்க வேண்டுமானால் சுமார் 1.8 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மரம் வெள்ளைத் தாள் மாதிரி எல்லாவற்றையும் திருப்பாது, உண்மைதான். 30 சதவீதம் மட்டுமே திருப்புகிறது என்று எடுத்தாலும் ஏறக்குறைய 1 மீட்டர் ஆகிறது. மெஷின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அரை மணி நேரம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பவர் இந்த எல்லையைத் தாண்டித்தான் வாங்கிக்கொண்டிருக்கிறார். தலையைச் சுற்றிய அந்த ஆரஞ்சு மறைப்புக்கும் பலகைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். பக்கவாட்டில் குனிந்தால் புள்ளி நேராகவே தெரியும்.

விழித்திரை:

நான் கண் பரிசோதனைத் துறையில் வேலை செய்கிறேன். "கண் நன்றாகத்தான் இருக்கிறது" என்ற வரிக்காகவே எழுதுகிறேன், நீலப்புள்ளி தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விழித்திரையில் வலி உணரும் நரம்புகள் இல்லை. கருவிழியில் ஒரு தூசி விழுந்தால் துடித்துப்போகிறோம், விழித்திரை வெந்தால் எதுவும் தெரியாது. 400-லிருந்து 1400 நானோமீட்டர் வரையுள்ள ஒளியைக் கண்ணின் முன்பகுதி தடுக்காமல் உள்ளே விட்டுவிடுகிறது, லென்ஸ் அதைக் குவிக்கவும் செய்கிறது. பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துத் தாளை எரிப்பது போலத்தான். விரிந்த கண்பாவை 7 மில்லிமீட்டர், விழித்திரையில் விழும் புள்ளியோ மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடும். செறிவு ஒரு லட்சம் மடங்கு கூடுகிறது. லேசர் வெளியில் எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதை வைத்து உள்ளே நடப்பதை ஊகிக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

சிறு புண் ஓரத்தில் விழுந்தால் மூளை அதை நிரப்பிக் காட்டிவிடும், வருடக்கணக்கில்கூடத் தெரியாது. மாக்குலா என்ற விழித்திரையின் மையப் பகுதியின் நடுவில் விழுந்தால்தான் உடனே தெரியும்: படிக்கிற எழுத்தின் நடுவே ஒரு கறை, நேர்க்கோடு வளைந்து தெரிவது, ஒரு கண்ணில் மட்டும் நிறம் மங்குவது. ஒரு கண்ணில் வந்த குறையை இன்னொரு கண் மறைத்துவிடுவதால் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும். சன்னமான சதுரக் கட்டங்கள் போட்ட ஆம்ஸ்லர் கட்டம் என்ற அட்டை இதற்குத்தான். நடுப்புள்ளியைப் பார்த்தபடி கோடுகள் எங்காவது வளைகின்றனவா, கட்டம் எங்காவது மறைகிறதா என்று கவனிக்க வேண்டும்.

எதிரொளி நேராகக் கண்ணில் அடித்துவிட்டது என்ற சந்தேகம் வந்தாலோ, கண்ணில் பதிந்த புள்ளி மறையாமல் இருந்தாலோ, அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். நாளை பார்க்கலாம் என்று தூங்கப் போகாதீர்கள். லேசரின் அலைநீளம், திறன், தொடர் கதிரா துடிப்பா என்பதை எழுதிக்கொண்டு போங்கள், மெஷினின் லேபிளைப் படம் எடுத்துப் போனால் போதும். ஓசிடி ஸ்கேன் எடுத்தால் விழித்திரையின் அடுக்குகள் தெரியும். இறந்துபோன ஒளி உணர் செல்களைத் திரும்ப வளரவைக்கும் மருந்து கிடையாது. வீக்கம் வடிந்து ஓரளவு பார்வை திரும்புகிறவர்கள் உண்டு, திரும்பாதவர்களும் உண்டு.

நீலப்புள்ளி:

தவறாக எடுக்கவில்லை. ஓரத்துப் புண் தெரியாது என்பது எனக்குப் புதிய செய்தி. ஒரு சந்தேகம்: வெல்டிங் ஹெல்மெட் ஒன்று சும்மா கிடக்கிறது. வெல்டிங் வெளிச்சத்தையே தாங்குகிறதே, அதைப் போடலாமா?

ஓடி_ஆறு:

வேண்டாம். வெல்டிங் கண்ணாடி எவ்வளவு கறுப்பு என்று சொல்லும் ஷேடு எண்ணை ஓடியாக மாற்றலாம்: ஷேடு எண்ணில் ஒன்றைக் கழித்து, 3-ஆல் பெருக்கி, 7-ஆல் வகுக்க வேண்டும். கேஸ் வெல்டிங்குக்குப் போடும் ஷேடு 5-க்கு 1.7 வருகிறது, அதாவது நூற்றில் 2 பங்கு உள்ளே வரும். 10 வாட்டில் அது 200 மில்லிவாட், 4-க்கு ஒரு படி கீழே உள்ள 3பி வகுப்பு லேசர் ஒன்றை நேராகப் பார்ப்பதற்குச் சமம். ஷேடு 10-க்குக்கூட 3.9 தான். அந்த எண்ணும் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் முழுவதற்குமான சராசரி, 455-க்கு என்று அளந்ததல்ல. தானாகக் கறுக்கும் வகையென்றால் இன்னும் மோசம், வெல்டிங் ஆர்க்கை உணர்ந்து கறுக்கும்படி செய்தது, லேசர் புள்ளிக்குக் கறுக்கும் என்று உத்தரவாதமில்லை.

கூலிங் கிளாஸ் பற்றியும் யாராவது கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். அதன் இருட்டில் கண்பாவை விரிந்துகொடுக்கும், லேசர் தாராளமாக உள்ளே போகும்.

குழாய்க்காரன்:

நான் ஓட்டுவது 60 வாட் கண்ணாடிக் குழாய் சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) மெஷின். இங்கே சிஓ2 ஓட்டுகிறவர்களும் படிப்பார்கள் என்பதால் வித்தியாசத்தைச் சொல்கிறேன், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சிஓ2 லேசர் 10,600 நானோமீட்டர். தண்ணீர் அதை உறிஞ்சிவிடும், அதனால் கண்ணீரிலும் கருவிழியிலுமே நின்றுவிடுகிறது, விழித்திரைக்குப் போகாது. நல்லதுதானே என்றால், கருவிழி வெந்தால் வலி தாங்க முடியாது, தழும்பானால் பார்வையும் போகும். சாதாரணக் கண்ணாடி, அக்ரிலிக், பாலிகார்பனேட் எல்லாமே இந்த அலைநீளத்தைத் தடுக்கும். அதனால்தான் சிஓ2 காகிள்ஸ் நிறமே இல்லாமல் தெளிவாக இருக்கிறது, மெஷினின் மூடியும் தெளிவான பிளாஸ்டிக்காக இருக்க முடிகிறது.

ஆபத்து எங்கே என்றால், சிஓ2 மூடியைப் பார்த்துவிட்டு டையோடு மெஷினுக்கும் தெளிவான அக்ரிலிக்கில் பெட்டி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நீல லேசர் அதில் அப்படியே கடந்து போகும். 1064-ம் கடந்து போகும். பெட்டி இருக்கிறது என்ற தைரியத்தில் கண்ணாடியும் போடாமல் நிற்பார்கள்.

சிஓ2-வில் கண்ணுக்குப் பெரிய ஆபத்து, கதிரைத் திருப்பும் மிரர்களை அலைன் பண்ணும்போதுதான், அதாவது கதிர் சரியான இடத்தில் விழும்படி நகர்த்தும்போது. மூடி திறந்திருக்கும், மூடி திறந்தால் லேசரை அணைக்கும் கதவு சுவிட்சைக் காந்தம் வைத்து ஏமாற்றியிருப்பார்கள், கதிர் எங்கே போகிறது என்று தெரியாமல்தான் அந்த வேலையே நடக்கிறது, கதிரோ கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு மிரரின் முன்னும் டேப் ஒட்டி, ஒரு தட்டுத் தட்டி, எரிந்த தடத்தைப் பார்த்து நகர்த்துகிறோம். அந்த நேரத்தில் 10,600 என்று எழுதிய, பக்கவாட்டிலும் மூடிய காகிள்ஸ் கட்டாயம். வெறும் மூக்குக்கண்ணாடி முன்பக்கத்தைத் தடுக்கும், பக்கத்திலிருந்து வருவதை விட்டுவிடும்.

மரச்சில்லு:

எல்லோருக்கும் நன்றி. பச்சைக் கண்ணாடியை எடுத்து வைத்துவிட்டேன், புதிது வரும் வரை மெஷினைத் தொடப் போவதில்லை. அந்த இன்ஃப்ராரெட் தலைக்கு இதே புதுக் கண்ணாடி போதுமா? அது 2 வாட்தானே, நீலத்தைவிடக் குறைவு.

நாரிழை:

போதாது. நான் 20 வாட் ஃபைபர் மெஷின் வைத்திருக்கிறேன், அதுவும் 1064 தான். வாட் குறைவு என்பதால் ஆபத்து குறைவு என்று நினைக்கிற இடமே இதுதான்.

1064 நானோமீட்டர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழித்திரை வரைக்கும் போகும். நீலப் புள்ளி பளிச்சென்று அடித்தால் கண் தானாக மூடிக்கொள்ளும், தலை திரும்பும். இதில் அந்த அனிச்சைச் செயலே கிடையாது, கண் திறந்தபடியே வாங்கிக்கொண்டிருக்கும். வேலை செய்கிற இடத்தில் தெரிகிற வெள்ளைப் பொறி உலோகம் ஆவியாகும் வெளிச்சம், அது லேசர் இல்லை. பொறி மங்கலாக இருக்கிறது, கண் கூசவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

நீலத்துக்கான ஆரஞ்சுக் கண்ணாடி பெரும்பாலும் 540 அல்லது அதற்குச் சற்று மேலே நின்றுவிடும். 1064-க்கு அது ஜன்னல் மாதிரி திறந்தே கிடக்கும். இரட்டைத் தலை மெஷின் ஓட்டுகிறவர்கள் தலையை மாற்றும்போது கண்ணாடியையும் மாற்ற வேண்டும், அல்லது இரண்டு அலைநீளமும் தனித்தனி ஓடியோடு அச்சிட்ட ஒரே கண்ணாடி வாங்க வேண்டும். நான் சொல்வது இரண்டாவதுதான், அவசரத்தில் மாற்ற மறக்கிற வாய்ப்பே இருக்காது.

இன்னொன்று. இந்த இன்ஃப்ராரெட் லேசர்கள் தொடர்ந்து எரிவதில்லை, துடிப்புத் துடிப்பாக அடிக்கின்றன. என் மெஷினில் 20 கிலோஹெர்ட்ஸில் ஒரு துடிப்புக்கு 1 மில்லிஜூல், அது 100 நானோநொடிக்குள் வந்துவிடுகிறது. சராசரி 20 வாட்தான், அந்த ஒரு துடிப்பின் உச்சமோ 10 கிலோவாட். ஐரோப்பிய ஈஎன் 207 தரத்தில் கண்ணாடி வாங்கினால் அலைநீளத்துக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து இருக்கும்: டி என்றால் தொடர் கதிர், ஐ என்றால் நீளமான துடிப்பு, ஆர் என்றால் நானோநொடித் துடிப்பு, எம் அதைவிடக் குறுகியது. 1064-க்கு எதிரே ஆர் இருக்க வேண்டும். டி மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். எழுத்துக்கு அடுத்து எல்பி5, எல்பி6 என்று வரும். அது எவ்வளவு குறைக்கிறது என்பதோடு, நேர்க் கதிர் விழுந்தால் அந்த லென்ஸே உருகாமல் சில நொடி தாங்குமா என்றும் சோதித்துக் கொடுத்த எண். ஓடி மட்டும் போட்ட கண்ணாடி இந்த இரண்டாவது விஷயத்தைச் சொல்வதில்லை.

கோப்பைக்கடை:

நான் உலோகக் கோப்பை, தண்ணீர் பாட்டிலில் பெயர் எழுதுவது அதிகம். சாமானைச் சுழற்றும் ரோட்டரியில் மாட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது, வளைந்த பளபளப்பான பரப்பு கதிரை ஒரு திசையில் திருப்பாது, விசிறி மாதிரி அறை முழுக்க வீசும். பெயின்ட் இருக்கும் வரை பரவாயில்லை, அது எரிந்து ஸ்டீல் வெளியே வந்ததும் எதிரொளி திடீரென்று கூடும். வேலையின் முதல் நிமிடத்தில் சுவரில் ஒன்றும் இல்லை, முடியும் நேரத்தில் எதிர்ச் சுவரில் நீலக் கீற்று ஓடும். எதிர்ச் சுவருக்கு முன்னால் யாராவது உட்கார்ந்திருந்தால் அவர் முகத்தில் ஓடும்.

கண்ணாடிச் சாமான், தெளிவான அக்ரிலிக் இவற்றில் எழுதும்போதும் எச்சரிக்கை. பார்த்தால் ஒளி உள்ளே போய்விடுவது போல்தான் இருக்கும், ஆனால் நேராக விழுந்தாலும் முதல் பரப்பிலேயே 4 சதவீதம் திரும்பி வருகிறது. 10 வாட்டில் 400 மில்லிவாட். மீதி கீழே போய், சாமானைத் தாங்கும் தேன்கூட்டுத் தட்டில் பட்டு மறுபடி மேலே வரும்.

நீலப்புள்ளி:

அப்படியானால் வேலை விழப்போகும் இடத்தைப் புள்ளியால் சுற்றிக் காட்டும் ஃபிரேமிங் ஓட்டும்போது? அதில் ஒரு சதவீதம்தான் வைக்கிறோம். கண்ணாடி போட்டால் புள்ளியே தெரிவதில்லை, பலகையை ஓரத்தோடு சேர்த்து வைக்க முடியவில்லை. அப்போது மட்டும் கழற்றிவிடுகிறேன்.

ஓடி_ஆறு:

10 வாட்டில் ஒரு சதவீதம் 100 மில்லிவாட். அது 3பி வகுப்பு. கையில் பிடிக்கும் பாயின்டருக்குப் பல இடங்களில் விதிக்கப்படும் 5 மில்லிவாட்டைப் போல 20 மடங்கு. இன்னும் சொன்னால் டையோடு தலையில் ஒரு சதவீதம் என்பது மங்கலாக எரிவதில்லை, முழுத் திறனில் மின்னி மின்னி அணைவதால் வரும் சராசரி. ஒவ்வொரு மின்னலும் முழு 10 வாட்.

ஃபிரேமிங், ஃபோகஸ் இந்த இரண்டு நேரத்திலும்தான் முகம் பலகைக்கு மிக அருகில் இருக்கும், கை உள்ளே இருக்கும், பலகை நகரும். கண்ணாடி கழற்றக் கூடாத நேரமே அதுதான். வழி இருக்கிறது. தலைக்குப் பக்கத்தில் தனியாகச் சிவப்புக் குறுக்குக்கோடு காட்டும் குறைந்த திறன் பாயின்டர் ஒன்றை மாட்டி, மென்பொருளில் அதற்கான தூர வித்தியாசத்தைக் கொடுத்துவிட்டால் நீலத்தை எரியவிடாமலே ஃபிரேமிங் ஓட்டலாம், லைட்பர்னில் இதற்கு வசதி உண்டு. நீலத்துக்கான ஆரஞ்சுக் கண்ணாடி வழியாகச் சிவப்பு நன்றாகவே தெரியும். இல்லையென்றால் ஒரு பலகையில் தாங்கு கட்டைகளை ஆணியடித்து, மெஷின் சட்டத்தோடு சேர்த்து வைத்துவிட்டால், சாமானை மூலையில் தள்ளி வைத்தாலே இடம் சரியாக வந்துவிடும். ஃபோகஸுக்கு அளவுக் கட்டை போதும், லேசரை எரியவிடத் தேவையே இல்லை.

பட்டறை_ஆசிரியர்:

மாணவர்கள் வேலை செய்கிற பட்டறை ஒன்றைக் கவனித்துக்கொள்கிறேன். மேலே எல்லோரும் கண்ணாடியைப் பற்றியே பேசுகிறீர்கள், எனக்கு அது இரண்டாவது விஷயம். கண்ணாடி போட்டவர் ஒருவரை மட்டும் காக்கும். அறைக்குள் எட்டிப் பார்க்கும் குழந்தை, புள்ளியைத் துரத்தும் பூனை, ஜன்னலுக்கு வெளியே நடப்பவர், இவர்களுக்கு யார் கண்ணாடி போட்டுவிடுவது? மரச்சில்லு சொன்ன இடம் எல்லோரும் நடமாடுகிற அறை. அங்கே திறந்த சட்டத்தில் 4-ம் வகுப்பு லேசர் ஓடவே கூடாது என்பதுதான் என் கருத்து, எவ்வளவு நல்ல காகிள்ஸ் வாங்கினாலும்.

பெட்டி செய்யுங்கள். ஒளி புகாத எதுவும் போதும், பிளைவுட், உலோகத் தகடு, உள்பக்கம் மங்கலான கறுப்புப் பூச்சு. மூலைகளில் விரலை வைத்துத் தடவினால் இடுக்கு தெரியும் இடமெல்லாம் அடைக்க வேண்டும், இருட்டில் ஓடவிட்டு வெளியே எங்காவது நீலம் கசிகிறதா என்று காகிள்ஸ் போடாமல் பார்க்காதீர்கள், உள்ளே ஒரு சாதாரண எல்இடி விளக்கை எரியவிட்டுப் பாருங்கள், கசிவு அதிலேயே தெரிந்துவிடும். புகைக் குழாய் வெளியே போகும் ஓட்டையிலும் ஒரு வளைவு வைத்தால் கதிர் நேராக வெளியேறாது.

ஜன்னல் வேண்டுமென்றால் சின்னதாக, அலைநீளமும் ஓடியும் எழுதித் தந்த தகட்டில்தான். வெறும் ஆரஞ்சு அக்ரிலிக்கை வெட்டி ஒட்டாதீர்கள். எனக்கு ஜன்னலே வேண்டாம் என்று தோன்றும், உள்ளே ஒரு மலிவான வெப்கேம் மாட்டித் திரையில் பார்த்தால் தீப்பிடித்தாலும் தெரியும், கண்ணும் வெளியில் இருக்கும்.

நாரிழை:

கேமரா விஷயத்தில் ஒரு சேர்க்கை. 1064 அல்லது நீல எதிரொளி நேராக விழுந்தால் கேமரா சென்சாரில் புள்ளியும் கோடுமாகச் செத்துப்போகும். கதிருக்கு நேர் மேலே இல்லாமல் மூலையில் சாய்த்து மாட்டி, முன்னால் அதே அலைநீளத்துக்கான வடிகட்டித் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். கைப்பேசியை ஃபைபர் மெஷினுக்குப் பக்கத்தில் நீட்டிப் படமெடுக்கிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

குழாய்க்காரன்:

பெட்டிக்குள் ஓடும்போதும் நான் காகிள்ஸ் போடுவேன். பெட்டி நல்லது, ஆனால் மூடியை யாராவது திறந்தால்?

பட்டறை_ஆசிரியர்:

இதில் எனக்கு ஒப்புதல் இல்லை. முழுதாக மூடி, கதவு சுவிட்சு வேலை செய்யும் பெட்டி என்றால் வெளியிலிருந்து பார்க்கையில் 1-ம் வகுப்பு, காகிள்ஸ் தேவையில்லை. எந்நேரமும் போட்டிருந்தால் வேர்க்கும், மங்கும், அதைவிட முக்கியமாகத் தேவைப்படுகிற நேரத்தில் நெற்றியில் ஏறியிருக்கும். தேவையான நேரம் எது என்று பிரித்து வைத்தால்தான் அந்த நேரத்தில் தவறாமல் போடுவார்கள்: சுவிட்சை விலக்கிச் செய்யும் பராமரிப்பு, அலைன்மென்ட், தலை மாற்றிய பிறகு முதல் சோதனை.

ஓடி_ஆறு:

வாங்கிச் செருகிய முழுப் பெட்டி மெஷினுக்கு ஆசிரியர் சொல்வது சரி. வீட்டில் ஆணியடித்துச் செய்த பெட்டிக்கு 1-ம் வகுப்பு என்று யாரும் சான்று தரவில்லை, அதனால் நான் குழாய்க்காரன் பக்கம்.

தேனடை:

ஒரு சின்னக் கேள்வி. எம்டிஎஃப் (மர நாரைப் பசையோடு அழுத்திய பலகை) வெட்டினால் எனக்குக் கண் எரிந்து தண்ணீர் கொட்டுகிறது. காகிள்ஸ் எண் சரியாகத்தான் இருக்கிறது. லேசர் உள்ளே வருகிறது என்று அர்த்தமா?

விழித்திரை:

இல்லை, அது புகை. எம்டிஎஃபில் உள்ள பசை எரிந்து வரும் ஃபார்மால்டிஹைடு கண்ணை எரிக்கும். விழித்திரைக் காயம் எரிச்சலாகத் தெரியாது என்று மேலேயே சொன்னேன். புகை வெளியேறும் வழியைச் சரி செய்யுங்கள். பிவிசி, ரெக்சின் மாதிரிக் குளோரின் கலந்ததை மட்டும் எந்தக் காரணத்துக்கும் வெட்டாதீர்கள், ஹைட்ரஜன் குளோரைடு வரும், கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும், மெஷினையும் துருவாக்கும்.

மரச்சில்லு:

புதுக் கண்ணாடி வந்துவிட்டது. லென்ஸின் ஓரத்தில் இரண்டு வரி அச்சிட்டிருக்கிறது, 455 முதல் வரம்புக்குள் வருகிறது, ஓடி 6+. 1064-க்குத் தனி வரி, அதில் ஆர் இருக்கிறது. வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டா?

ஓடி_ஆறு:

போலியைப் பிடிக்க வழி உண்டு, நல்லது என்று நிரூபிக்க வழி இல்லை. 1 மில்லிவாட்டுக்குள் இருக்கும் நீல பாயின்டர் ஒன்றைக் கண்ணாடியை மேசையில் வைத்து லென்ஸ் வழியாகச் சுவரில் அடியுங்கள், கண்ணில் போட்டுக்கொண்டு இல்லை. சுவரில் நீலப் புள்ளி தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். தெரியாவிட்டால் ஓடி 3-ஆ 6-ஆ என்று கண் சொல்லாது, அங்கே அச்சிட்ட எண்ணையும் சோதனைச் சான்றையும்தான் நம்ப வேண்டும். லென்ஸ் முழுக்கக் கலந்த சாயம் ஒளியை உறிஞ்சும் வகையில் லேசான கீறல் பெரிய விஷயமில்லை, மேற்பூச்சு வகையில் ஒரு கீறலே ஓட்டை. வெயிலில் வைத்து வெளுத்துப்போன லென்ஸை மாற்றிவிட வேண்டும்.

மரச்சில்லு:

பெட்டிக்குப் பிளைவுட் வெட்டியாகிவிட்டது. கதவு சுவிட்சு எங்கே இணைப்பது? கட்டுப்பாட்டு போர்டிலிருந்து லேசருக்குப் போகும் சிக்னல் கம்பியை அறுத்து நடுவில் சுவிட்சு வைக்கலாமா?

பட்டறை_ஆசிரியர்:

சிக்னல் கம்பியில் வைக்காதீர்கள். அறுந்த சிக்னல் கம்பியைச் சில லேசர் தலைகள் முழுத் திறன் என்று எடுத்துக்கொள்ளும். தலைக்குப் போகும் 12 அல்லது 24 வோல்ட் மின் இணைப்பிலேயே வையுங்கள், தலையின் ஆம்பியரைத் தாங்கும் சுவிட்சாகப் பார்த்து. கதவு மூடியிருந்தால்தான் சுற்று முழுமையாக வேண்டும், அப்போது கம்பி பிய்ந்தாலும் லேசர் அணையுமே தவிர எரியாது. குச்சியால் ஏமாற்ற முடியாதபடி கீல் பக்கம் ஒன்று, கைப்பிடிப் பக்கம் ஒன்று என்று இரண்டைத் தொடராக வைத்தால் நல்லது.

இதில் ஒரு குறை இருக்கிறது. தலைக்கு மின்சாரம் நின்றாலும் மெஷின் ஓடிக்கொண்டேதான் இருக்கும், கை உள்ளே இருக்கும்போது யாராவது கதவைத் தள்ளி மூடினால் விட்ட இடத்திலிருந்து எரிய ஆரம்பிக்கும். உங்கள் போர்டில் கதவு உள்ளீடு என்று தனி முனை இருந்தால் இரண்டாவது சுவிட்சை அதில் கொடுங்கள். கதவு திறந்ததும் வேலை நிற்கும், மூடினாலும் நீங்கள் பட்டனை அழுத்தும் வரை தொடராது. போர்டின் மாடலைப் போடுங்கள், எந்த முனை என்று பார்த்துச் சொல்கிறேன்.